பாஸ்வேர்ட் போட்ட அரங்கேற்றம்

சிட்னியில் ஐடி வேலை பார்க்கிற தமிழனை யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், சாப்பாட்டுக்காக மட்டுமே கூப்பிடுகிறார்கள் என்று நம்புகிறவன் முட்டாள். பாயசம் ஆறுவதற்குள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரில் வைப்பார்கள். பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது, போட்டோக்களைக் காணோம், பேரன் என்னத்தையோ அழுத்திவிட்டான். நீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவனப்பா, உனக்கும் பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு ஜீவனாவது கேட்குமா? கேட்காது. ஐடி என்றால் ஐடி.

பிரதீப்குமாருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் போனான். கூப்பிட்டது முரளிதரன் ஆயிற்றே! பரமட்டா அலுவலகத்தில் அவனுக்கு மேலாளர். வெள்ளைக்காரர்கள் முன்னால் அவரை 'முரளி' என்று கூப்பிட வேண்டும், காபி மெஷின் பக்கத்தில் தனியாக மாட்டினால் 'சார்' என்று கூப்பிட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, வந்த முதல் வாரமே அவனாகப் புரிந்துகொண்டான்.

ஈரோட்டிலிருந்து வந்து இரண்டரை வருஷம். கம்பெனி எடுத்துக் கொடுத்த தற்காலிக விசா. நிரந்தர விசா வேண்டுமானால் கம்பெனியே அவனை முன்மொழிய வேண்டும். அந்த நாமினேஷன் தாள் மூன்று மாதமாக முரளிதரனின் ஒப்புதலுக்காகக் கிடந்தது. கேட்டால், "அடுத்த வாரம் தள்ளிவிட்டுடலாம்பா" என்பார். அந்த அடுத்த வாரம் பன்னிரண்டு தடவை வந்து போய்விட்டது. அவன் மனைவி லக்ஷ்மிப்ரியா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு வருகிறவள், விசா வரட்டும், அப்புறம் நமக்கு ஒன்று என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வீடு, குழந்தை எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துடு. அப்படியே ஹாரிஸ் பார்க்ல ரெண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வந்துடேன், உன் வீட்டுப் பக்கத்துலதானே கடை?" என்றார் முரளிதரன்.

"போய்ட்டு வா. நான் வரல," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "உன்னை அங்க வேலை வாங்கறதைப் பார்த்தா எனக்கு வாய் சும்மா இருக்காது."

மைசூர்பாகு ஒரு கையில், ஆபீஸ் லேப்டாப் பை தோளில். அந்த வாரம் அவசர அழைப்புகளைக் கவனிக்கும் முறை அவனுடையது. எந்த நேரத்தில் எந்த சர்வர் படுத்துக்கொள்ளும் என்று தெரியாததால், கடைக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும். கெல்லிவில்லில் முரளிதரனின் வீட்டு வாசலில் இறங்கும்போதும் அது தோளில் இருந்தது.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்லக் கூடாது. முரளிதரனின் மனைவி வேதவல்லி கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். "அடுத்த சனிக்கிழமை நம்ம அக்ஷராவுக்கு வளைகாப்பு. நீயும் உன் வொய்ஃபும் கட்டாயம் வந்துடணும்," என்றாள். பக்கத்து அறையில் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்ஷரா போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு 'ஹாய்' சொன்னாள்.

பாயசம் வந்தது. கூடவே லேப்டாப்பும் வந்தது.

விஷயம் இதுதான். அக்ஷராவுக்குப் பதினான்கு வயதில் சென்னைக்குக் கூட்டிப்போய் அரங்கேற்றம் செய்தார்கள். வீடியோக்காரர் ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்தார். வட்டு கீறிவிடும் என்று பயந்த முரளிதரன், அந்தக் காலத்து மென்பொருள் ஒன்றை வைத்து வட்டை அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டார். அந்தக் கோப்பை அந்த மென்பொருள்தான் திறக்கும். வேறு யாரும் திறந்துவிடக் கூடாது என்று பாஸ்வேர்டும் போட்டிருந்தார். தன் மகள் ஆடிய அலாரிப்பை எவன் திருடிக்கொண்டு போகப் போகிறான் என்று நினைத்தாரோ, அவருக்கே வெளிச்சம். டிவிடி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. கோப்பு மட்டும் மிச்சம்.

"வளைகாப்புல பெரிய ஸ்க்ரீன்ல போடணும்ப்பா. சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கணும்," என்றார் முரளிதரன்.

"டாட், சீரியஸ்லி, நோபடி வான்ட்ஸ் டு ஸீ தட்," என்றது பக்கத்து அறை.

"நீ சும்மா இரு," என்றது இந்த அறை.

பிரதீப் அந்த மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கினான். அது செய்கிற வேலை எளிமையானது: கம்ப்யூட்டரில் இல்லாத டிவிடி டிரைவ் ஒன்று இருப்பதாக நம்பவைத்து, அதில் அந்தக் கோப்பை வட்டு மாதிரி செருகும். நம்பவைக்க வேண்டுமானால் டிரைவர் என்ற ஒரு சின்ன நிரல் கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் போய் உட்கார வேண்டும். அது உட்கார மாட்டேன் என்றது. பச்சைப் பட்டை முக்கால் தூரம் ஓடி நின்றது. 'டிரைவரை நிறுவ முடியவில்லை.'

முழு அதிகாரம் உள்ள அட்மினாக ஓட்டினான். அதே பிழை. மறுதொடக்கம் செய்தான். அதே பிழை. பாதி நிறுவப்பட்டுக் கிடந்த குப்பையையெல்லாம் தேடி அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். வைரஸ் காவலை நிறுத்தினான். பழைய பதிப்பைத் தேடி எடுத்தான்; அது இன்னும் மோசம், ஆரம்பிக்கும்போதே செத்தது. முரளிதரன் பின்னால் நின்றுகொண்டு, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்," என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னார். இருபத்தெட்டு வருஷ ஐடி அனுபவத்தில் மனிதர் கண்டுபிடித்த மருந்து அது ஒன்றுதான்.

ஒன்றரை மணி நேரம் போனபிறகுதான் பிரதீப்புக்கு உறைத்தது. லேப்டாப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஏஆர்எம் சிப். போன்களில் இருக்கிற வகை. சன்னமாக, அழகாக, பத்து மணி நேரம் பேட்டரி நிற்கும். ஆனால் இந்த மென்பொருளின் டிரைவர் இந்தச் சிப்புக்காக எழுதப்படவே இல்லை. தலைகீழாக நின்றாலும் ஏறாது. இதை முதல் நிமிஷமே பார்த்திருக்க வேண்டும். தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"சார், இதுல முடியவே முடியாது. வேற பழைய லேப்டாப் ஏதாவது இருக்கா?"

"என் ஆபீஸ் லேப்டாப்தான் இருக்கு. மேனேஜர்களுக்கு அட்மின் ரைட்ஸ் கிடையாதே." முரளிதரனின் பார்வை மெல்ல நகர்ந்து சோபாவில் கிடந்த பையில் போய் நின்றது. "உனக்கு இருக்குல்ல?"

"சார், அது ஆபீஸ் மெஷின்."

"தெரியும்பா. கம்பெனி எனக்குத் தெரியாதா?"

"இல்ல சார், நான் ஹார்ட் டிஸ்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட பழைய டெஸ்க்டாப் இருக்கு. ரெண்டு நாள்ல எடுத்துத் தர்றேன்."

"வளைகாப்பு வீடியோவை எடிட் பண்றவன் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேட்டிருக்கான். என்ன பிரதீப், ஒரு சின்ன விஷயம். நான் இருக்கேன்ல? ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்.' இதை நம்பி எத்தனை பேர் கிணற்றில் இறங்கியிருக்கிறார்கள்! பிரதீப்பும் இறங்கினான். அந்த நேரத்தில் அவன் கண்முன் நின்றது பாதுகாப்பு விதி இல்லை, அந்த நாமினேஷன் தாள்தான். இந்த மனிதரிடம் இன்று முடியாது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது?

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். அதிலும் டிரைவர் ஏறவில்லை, ஆனால் காரணம் வேறு. பழைய, நம்பகம் இல்லாத டிரைவர்களை உள்ளே விடாமல் தடுக்கும் ஒரு பூட்டு அதில் இருந்தது. மெமரி இன்டெக்ரிட்டி என்று பேர். அதை அணைத்தால், 'உங்கள் கருவி பாதிக்கப்படலாம்' என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். வந்தது. பிரதீப் முரளிதரனை நிமிர்ந்து பார்த்தான். அவர் கையை அசைத்தார். ஆட்டோக்காரனுக்கு நேராகப் போ என்று காட்டுகிற மாதிரி. அணைத்தான். மறுதொடக்கம். டிரைவர் ஏறியது. மணி 3.47.

பாஸ்வேர்டை முரளிதரன் தானே வந்து அடித்தார். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவருடைய ஊழியர் எண். மகள் பிறந்தநாள்கூட இல்லை!

படம் ஓடியது. பச்சைப் பட்டு, சலங்கை, பயந்த கண்களோடு ஒரு சின்னப் பெண். வேதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்ற அக்ஷராகூட எழுந்து வந்து, வயிற்றில் கை வைத்தபடி அப்பாவின் தோளில் சாய்ந்து பார்த்தாள். பிரதீப்புக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. வீடியோவைப் பிரித்து ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தான். மென்பொருளை நீக்கினான். பூட்டை மறுபடி போட்டான். சுத்தமாகத் துடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"கெட்டிக்காரன்டா," என்று முதுகில் தட்டினார் முரளிதரன். "உன் நாமினேஷனைத் திங்கக்கிழமை போட்டுடறேன்."

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அவனுடைய லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. பத்தரைக்கு ஆறாவது மாடிக்கு வரச் சொன்னார்கள்.

அறையில் மூன்று பேர். எச்.ஆரிலிருந்து நிக்கோல் என்ற நடுவயதுப் பெண். திரையில் மெல்போர்னிலிருந்து பாதுகாப்புப் பிரிவு ஆள். பிரதீப்பின் மேலாளர் என்ற முறையில் முரளிதரன். அவரைப் பார்த்ததும் பிரதீப்புக்கு உயிர் வந்தது. சார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

பாதுகாப்பு ஆள் படித்தான். சனிக்கிழமை மாலை 3.47க்குப் பூட்டு அணைக்கப்பட்டது, அனுமதியில்லாத டிரைவர் ஒன்று நிறுவப்பட்டது, ஒரு கோப்பு ஏற்றப்பட்டது. கோப்பின் பெயரை அவனால் வாசிக்க முடியவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னான். அக்ஷரா, ஓர் அடிக்கோடு, அரங்கேற்றம்.

"என்ன அது?" என்று கேட்டாள் நிக்கோல்.

பிரதீப் முரளிதரனைப் பார்த்தான். இப்போது சொல்வார். என் மகளுடையது, நான்தான் கேட்டேன், தப்பு என்னுடையது என்று இரண்டு வாக்கியம். பெரிய மேலாளர், இருபத்தெட்டு வருஷ அனுபவம், அவரை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

முரளிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சினிமாப் பெயர் மாதிரி தெரிகிறது," என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக. "எங்கள் மொழிப் படங்களை இப்படித்தான் இறக்கிப் பார்ப்பார்கள். நான் என் குழுவில் எத்தனையோ தடவை எச்சரித்திருக்கிறேன்."

பெற்ற மகளின் அரங்கேற்றத்தை, மனைவி அழுது பார்த்த அரங்கேற்றத்தை, வாய் கூசாமல் திருட்டுப் படம் என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

"அப்படித்தானா, பிரதீப்?" என்றாள் நிக்கோல்.

இந்த இடத்தில்தான் அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு. பெரிய மனிதரை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் இருந்தால், அவர் உள்ளுக்குள் உருகி, பின்னால் வந்து காப்பாற்றுவார் என்று ஒரு நம்பிக்கை. இப்போது மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், நாளைக்கு விசாவைக் காப்பாற்றிக் கொடுப்பார். பிரதீப் அந்தக் கணக்கைப் போட்டான்.

"ஆமாம்," என்றான். "படம்தான்."

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. வேலை இல்லை. அன்றே வெளியேற வேண்டும். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நிக்கோல் கீழ்த்தளம் வரை கூட வந்தாள். நல்ல பெண்தான். கதவருகில் நின்று, மனசு கேட்காமல் சொன்னாள்: "உன் வேலை போனது டிரைவரால் இல்லை, பிரதீப். சொந்த வீடியோ, குடும்ப விஷயம் என்றால் முதல் தடவைக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்போம். திருட்டுப் படம் என்று நீயே ஒப்புக்கொண்டாய். அதற்கு விதியில் வேறு வழி இல்லை."

"அது குடும்ப வீடியோதான்," என்றான் பிரதீப். "முரளியுடைய மகள். முரளி சொல்லித்தான் செய்தேன்."

"உனக்கு ஒரு மாதச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று எங்களோடு வாதாடியது முரளி. அவர்மேல் போய் இப்படிச் சொல்லாதே," என்றாள் நிக்கோல். கதவு மூடிக்கொண்டது.

தெருவிலேயே நின்று முரளிதரனுக்குப் போன் போட்டான். மூன்றாவது தடவை எடுத்தார்.

"சார், குடும்ப வீடியோன்னு சொல்லியிருந்தா வெறும் வார்னிங்தானாம் சார். உங்களுக்குத் தெரியாம..."

"தெரியாம என்னப்பா? வருஷா வருஷம் அந்தப் பாலிசி டிரெயினிங் எடுக்கறதே நான்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடும்ப வீடியோன்னு சொன்னா, யார் குடும்பம்னு அடுத்த கேள்வி வருமே? உனக்கு வார்னிங், எனக்கு? கீழ வேலை பார்க்கறவனை வீட்டுக்கு வரவெச்சு, கம்பெனி மெஷினைத் திறக்க வெச்சான்னு வரும். ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்குப்பா. நீ சின்னப் பையன், உனக்கு வேற இடம் கிடைக்கும். சனிக்கிழமை வந்துடுங்க. வேதவல்லி உங்களை எதிர்பார்ப்பா."

வேறு இடம் கிடைக்க நூற்றெண்பது நாள் அவகாசம். அதற்குள் வேறொரு கம்பெனி விசாவை ஏற்றுக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். லக்ஷ்மிப்ரியா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "வளைகாப்பு எத்தனை மணிக்கு?"

"நாம போக வேண்டாம்."

"போறோம்," என்றாள்.

டூங்காபியில் ஒரு சமூகக் கூடம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். கண்ணாடி வளையல், சந்தனம், ஐந்து வகைச் சாதம். அக்ஷரா நாற்காலியில் பட்டுப்புடவையில் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லக்ஷ்மிப்ரியா வரிசையில் நின்று, அவளுக்கு வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, நன்றாக இரு என்று சொல்லிவிட்டு வந்தாள். அதை மனசாரத்தான் சொன்னாள். அந்தப் பெண்மேல் அவளுக்கு என்ன கோபம்? பிரதீப்புக்கு உள்ளே பற்றி எரிந்தது. இந்த வளையல் லக்ஷ்மிப்ரியா கையில் அல்லவா ஏறியிருக்க வேண்டும்.

திரையில் அரங்கேற்றம் ஓடியது. சம்பந்திகள் கைதட்டினார்கள். முரளிதரன் முன்வரிசையில் பூரித்துப்போய் நின்றார். லக்ஷ்மிப்ரியா நேராக அவரிடம் போனாள். பிரதீப் தடுக்கக் கை நீட்டினான், எட்டவில்லை.

"சார், இது என்ன படம் சார்?"

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற வேதவல்லிதான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். "படம் இல்லம்மா, நம்ம அக்ஷரா அரங்கேற்றம். உன் வீட்டுக்காரர்தானே எடுத்துக் கொடுத்தாரு!"

"அப்படியா ஆன்ட்டி? சார் ஆபீஸ்ல இது திருட்டுப் படம்னு சொல்லியிருக்காரே. என் வீட்டுக்காரர் திருட்டுப் படம் பார்த்தாருன்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அதான் கேட்டேன்."

பாட்டு நிற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருந்த இருபது பேருக்கு நன்றாகவே கேட்டது. அக்ஷரா திரும்பி, "டாட்?" என்றாள். முரளிதரன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வேதவல்லியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று பிரதீப் நினைத்தான்.

அப்புறம் யாரோ ஒரு அம்மாள் உரக்கவே சொன்னாள், "நல்ல நாளும் அதுவுமா, வயித்துப் பிள்ளைக்காரி முன்னாடி வந்து பேசற பேச்சா இது?" இன்னொருவர், "என்ன இருந்தாலும் சபை நாகரிகம்னு ஒண்ணு வேண்டாமா," என்றார். தலைகள் ஆடின. அவ்வளவுதான், நியாயம் கட்சி மாறிவிட்டது. வேதவல்லி கண் கலங்கிப்போய் மகளின் தலையைத் தடவப் போனாள். லக்ஷ்மிப்ரியா ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தாள்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பிரதீப்பின் பின்னால் முரளிதரன் வந்து நின்றார்.

"திருப்தியா இப்போ?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "மக்வாரி பார்க்ல என் ஃப்ரெண்டு கம்பெனியில உனக்காகச் சொல்லி வெச்சிருந்தேன். விசாவையும் அவனே எடுத்துக்கறேன்னான். இனி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவன்கிட்டப் பேசறது?"

அது பொய்யாகத்தான் இருக்கும். பிரதீப்புக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் நூற்றெழுபத்தேழு நாள் மிச்சம் இருக்கிறவனால் பொய்யைக்கூடச் சட்டென்று உதறிவிட முடிவதில்லை. லக்ஷ்மிப்ரியா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் தூரம்தான்.

"சாரி சார்," என்றான் பிரதீப்குமார். "அவ ஏதோ தெரியாம பேசிட்டா. நீங்க மனசுல வெச்சுக்காம அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

முரளிதரன், பார்க்கலாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனார். பிரதீப் திரும்பியபோது கேட்டருகில் யாரும் இல்லை. லக்ஷ்மிப்ரியா ரயில் ஸ்டேஷனை நோக்கித் தனியாக நடந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை.